தேடுதலும் துப்பறிதலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)





ஆண்டு விழா மேடையிலே கல்வியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் சமூக சேவையைப் பற்றியும் பேசுவது நமது வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயமோ வேறு. காணாமற்போனவர்களைப் பற்றியும், வீட்டில் இருந்தபடியே இணையத்தின் மூலம் அவர்களைத் துப்பறிய முற்படுகின்றவர்களைப் பற்றியும் சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம். இது பொழுதுபோக்கு விஷயமன்றோ, விழா மேடைக்கு ஏற்குமோ என்று பெரியோர் சிலர் நினைக்கக்கூடும். சற்றுப் பொறுமையோடு கேட்பீர்களானால், கல்வி, ஒழுக்கம், சேவை என்னும் மூன்றும் இதனுள்ளேயே அடங்கியிருப்பதைக் காண்பீர்கள்.

நம் நாட்டில் இன்றுவரை விடை காணாத ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குவோம். 1983ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 13ஆம் திகதி இரவு, கோலாலம்பூரிலிருந்து கொழும்பு நோக்கி ஒரு சிறிய லியர்ஜெட் விமானம் புறப்பட்டது. அதிற் பயணஞ் செய்தவர் பிரபல வர்த்தகரான உபாலி விஜயவர்தன. கண்டொஸ் சொக்கலேற்றை அறியாத சிறுவர் நம் ஊரில் இல்லை. அந்தக் கண்டொஸின் அதிபர் அவர். 1981இல் 'தி ஐலண்ட்', 'திவயின' என்னும் பத்திரிகைகளை ஆரம்பித்தவரும் அவரே. விமானம் புறப்பட்டுச் சிறிது நேரத்துக்குள், மலாக்கா நீரிணைக்கு மேலே தொடர்பு அற்றுப்போயிற்று. பல நாடுகளின் கப்பல்களும் விமானங்களும் கடலைச் சல்லடை போட்டுத் தேடின. சென்றவர்களுள் ஒருவரும் திரும்பவில்லை. என்ன நடந்தது என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்படவுமில்லை.

இது நடந்து 40 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எனினும் பேச்சு ஓயவில்லை. அன்று தேநீர்க் கடையிலும் புகையிரதப் பெட்டியிலும் பேசியதை இன்று முகநூலிலும் யூடியூபிலும் பேசுகின்றார்கள். அரசியற் சதி என்பார் ஒருவர். இயந்திரக் கோளாறு என்பார் இன்னொருவர். எங்கோ ஒரு தேசத்திற் பெயரை மாற்றிக்கொண்டு உயிரோடு வாழ்கின்றார் என்பார் மூன்றாமவர். ஒவ்வொருவரும் தத்தம் முடிவில் மலைபோல் உறுதியாக நிற்கின்றார்கள். ஆனால் அவர்களுள் எவரும் அந்தக் கடலிற் கால் நனைத்தவரல்லர்.

இதில் நம் மனத்தை வருத்துவது வேறொன்று. அந்த விமானத்திற் சென்றவர்கள் ஆறு பேர். விமானிகளும், பணியாளரும், உத்தியோகத்தரும், மலேசியச் சட்டத்தரணி ஒருவரும் கூடச் சென்றார்கள். செல்வந்தரின் பெயரை நாடு அறியும். மற்றை ஐவரின் பெயரைச் சொல்லக்கூடியவர் இந்தச் சபையில் எத்தனை பேர்? துப்பறிந்து மகிழ்கின்றவருக்கு அந்த ஐவர் வேண்டியதில்லை; அவர்களாற் கதைக்குச் சுவை கூடாது. ஆனால் தேடுகின்றவருக்கு ஆறு பேரும் ஒன்றே. அன்றிரவு ஆறு வீடுகளிலும் யாரோ ஒருவர் கதவைத் தாளிடாமற் காத்திருந்திருப்பார் அன்றோ?

தேடுதல் என்பது வேறு, துப்பறிதல் என்பது வேறு என்று நாம் சொல்வதன் காரணம் இதுவே. மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில், தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுத் தவறிப்போன ஓர் ஆட்டைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் கதையை நாம் பலமுறை கேட்டதுண்டு. அந்த மேய்ப்பன், அந்த ஆடு எத்தகைய ஆடு, அது ஏன் போயிற்று, யாரோடு போயிற்று என்று மற்ற ஆடுகளைக் கூட்டி வைத்து விசாரணை நடத்தவில்லை. எழுந்து போய்த் தேடினான்.

துப்பறியும் ஆசை நமக்கு எங்கிருந்து வந்தது? அதே பாடசாலையின் நூல்நிலையத்திலிருந்துதான் என்று சொன்னால் மிகையாகாது. ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளையும் அகதா கிறிஸ்ரி அம்மையாரின் நாவல்களையும் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தவர்கள் நாம். முதற் பக்கத்தில் ஒருவர் காணாமற் போவார். கடைசிப் பக்கத்திற் புத்திசாலி ஒருவர் நாற்காலியில் அமர்ந்தபடி குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவார். படிப்பதற்கு இன்பமான கதைகள். ஆனால் அக்கதைகளை எழுதியவர்களின் வாழ்விலேயே நடந்த ஒரு சம்பவம் நமக்கு வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது.

1926ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி இரவு, அகதா கிறிஸ்ரி அம்மையாரே காணாமற் போனார். மறுநாட் காலை அவருடைய மோட்டார்க் கார் ஒரு மலைச்சரிவிலே தனியாக நின்றது. இங்கிலாந்து முழுவதும் பரபரப்பு. ஆயிரக்கணக்கானோர் தேடுதலிற் பங்குபற்றினர். பத்திரிகைகள் நாளுக்கொரு ஊகத்தை வெளியிட்டன. கணவரே கொன்றிருப்பார் என்று பலர் பேசினர். ஷேர்லொக் ஹோம்ஸைப் படைத்த ஆதர் கொனன் டொயில், அம்மையாரின் கையுறை ஒன்றை ஆவிகளோடு பேசுபவர் ஒருவரிடம் கொடுத்துக் குறி கேட்டார். பதினொரு நாட்களின் பின், டிசம்பர் 14ஆம் திகதி, அம்மையார் வடக்கே ஹரோகேற் என்னும் ஊரில் ஒரு விடுதியிற் சுகமாக இருப்பது தெரியவந்தது. கண்டுபிடித்தவர் யார்? துப்பறியும் கதாசிரியர் எவருமல்லர். அவ்விடுதியில் வாத்தியம் வாசித்தவர்கள் அவர் முகத்தை அடையாளங் கண்டு பொலிஸாருக்கு அறிவித்தார்கள். அவ்வளவே. நாடே ஊகித்துக்கொண்டிருந்தபோது, வாத்தியக்காரர் தாம் கண்டதைச் சொன்னார்கள்.

இதனாற் சாதாரண மக்களுக்கு இவ்விஷயத்தில் வேலையில்லை என்று நாம் சொல்லவில்லை. மாறாக, சாதாரண மக்களால் ஆகக்கூடியது மிகப் பெரிது. இரண்டு உதாரணங்களைச் சொல்வோம்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், 1968ஆம் ஆண்டு, கூடாரத் துணியிற் சுற்றப்பட்ட ஒரு பெண்ணின் சடலம் கண்டெடுக்கப்பட்டது. பெயர் தெரியாமையால் கல்லறையில் 'கூடாரப் பெண்' என்றே எழுதினார்கள். அச்சடலத்தைக் கண்டெடுத்தவரின் மருமகனான ரொட் மத்தியூஸ் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. பெயரற்ற அக்கல்லறை அவர் மனத்தை உறுத்திற்று. சுமார் பத்து ஆண்டுகள் ஓய்வு நேரங்களிலெல்லாம் பழைய பதிவுகளைப் புரட்டினார். இணையம் வந்தபின் அதிலும் தேடினார். 1998இல் ஓர் இரவு, தன் சகோதரியைத் தேடும் ஒருவர் இட்டிருந்த குறிப்பு அவர் கண்ணிற் பட்டது. வயது, உயரம், காணாமற்போன காலம் எல்லாம் ஒத்திருந்தன. அவர் என்ன செய்தார்? ஊருக்கெல்லாம் பறைசாற்றவில்லை. குடும்பத்தாரோடு பேசினார், அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். சடலம் தோண்டியெடுக்கப்பட்டு மரபணுப் பரிசோதனை நடந்தது. முப்பது ஆண்டுகளின் பின் அக்கல்லறைக்கு ஒரு பெயர் கிடைத்தது.

இரண்டாவது உதாரணம், உபாலி விஜயவர்தனவின் விமானம் மறைந்த அதே கடற்பிரதேசத்தோடு தொடர்புடையது. 2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் திகதி, கோலாலம்பூரிலிருந்து பீஜிங்குக்கு 239 பேருடன் புறப்பட்ட எம்.எச். 370 விமானம் வழிமாறி, மலாக்கா நீரிணையைக் கடந்து மறைந்துபோனது. செய்மதிப் படங்களை இணையத்தில் இட்டு, பார்த்து உதவுங்கள் என்று ஒரு நிறுவனம் கேட்டபோது, உலகெங்குமிருந்து இலட்சக்கணக்கானோர் இரவு பகலாகக் கண்விழித்துப் பார்த்தார்கள். அவர்களின் நல்லெண்ணம் போற்றத்தக்கது. எனினும் அதனால் எதுவும் கிடைக்கவில்லை. முதற் துண்டு கிடைத்தது 2015ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இந்து சமுத்திரத்தின் மறுகரையிலுள்ள ரியூனியன் தீவில். அங்கே கடற்கரையைத் துப்புரவு செய்துகொண்டிருந்த தொழிலாளரே அதனைக் கண்டார்கள்.

அதன்பின் பிளெய்ன் கிப்சன் என்னும் அமெரிக்கர் தம் சொந்தச் செலவிற் கரைகளிலே தேடப் புறப்பட்டார். எங்கே தேடுவது என்று அவர் ஊகிக்கவில்லை. நீரோட்டத்தை ஆராய்ந்தவரிடம் கேட்டார். அப்படி அவருக்கு வழி சொன்னவர் நம் இலங்கையிற் பிறந்து, மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திற் கடலியல் கற்பிக்கும் பேராசிரியர் சரித்த பட்டியாரச்சி. 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் மொசாம்பிக் நாட்டின் கரையருகே ஒரு மணல்திட்டில், விமானத்தின் துண்டொன்று கிப்சனுக்குக் கிடைத்தது. அவர் அதனைப் புலனாய்வாளரிடம் ஒப்படைத்தார். விமானம் எங்கே கிடக்கின்றது என்பது இன்னமும் தெரியாது. ஆயினும் அது இந்து சமுத்திரத்தில் வீழ்ந்தது என்பதற்குக் கையாற் தொடக்கூடிய சான்றுகள் இத்தகையோரால் வந்தன.

இவ்விரண்டு உதாரணங்களிலும் பொதுவாயுள்ளவை எவை? பொறுமை, அறிந்தவரிடம் கேட்டல், கிடைத்ததை உரிய இடத்தில் ஒப்படைத்தல். யார் மீதும் குற்றஞ் சாட்டும் அவசரம் அவர்களிடம் இருக்கவில்லை.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் பிறவுண் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் காணாமற் போனார். இந்திய வம்சாவளியினர், நம்மையொத்த வயதினர். பெற்றோர் முகநூலில் ஒரு பக்கத்தைத் திறந்து, மகனைக் கண்டால் அறிவியுங்கள் என்று உலகத்தை வேண்டினர். ஏப்ரல் 15ஆம் திகதி பொஸ்ரன் நகரில் மரதன் ஓட்டப் போட்டியின்போது குண்டுகள் வெடித்தன. சந்தேக நபர்களின் மங்கலான படங்களைப் புலனாய்வாளர் வெளியிட்டதும், ரெடிட் என்னும் இணையத் தளத்திலும் ருவிற்றரிலும் இருந்த தன்னியல்புத் துப்பறிவாளர் சிலர், காணாமற்போன அம்மாணவரே குண்டு வைத்தவர் என்று தீர்மானித்துவிட்டனர். ஓரிரவிற்குள் அப்பெயர் பல்லாயிரம் பேரின் வாயில் ஏறியது. மகனைத் தேடித் தாய் திறந்த பக்கத்தில் வசைமாரி பொழிந்தது; அதனை மூடவேண்டியதாயிற்று. உண்மையான சந்தேக நபர்கள் வேறு இருவர் என்பது விடிவதற்குள் தெரியவந்தது. ஏப்ரல் 23ஆம் திகதி அம்மாணவரின் உடல் ஓர் ஆற்றிலே கண்டெடுக்கப்பட்டது. உலகம் அவரைத் தூற்றிய இரவில் அவர் உயிரோடு இருக்கவேயில்லை. ரெடிட் நிருவாகத்தினர் மன்னிப்புக் கோரினர். அப்பிள்ளையின் பெயரை நாம் இங்கே சொல்லவில்லை. அதனை உச்சரித்தவர் தொகை ஏற்கனவே அளவுக்கு மிஞ்சிவிட்டது.

இது தூரதேசத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களின் பின்னர், ஏப்ரல் 25ஆம் திகதி, நமது பொலிஸார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களுள் ஒன்று, தாக்குதலோடு எவ்விதத் தொடர்புமில்லாத ஓர் அமெரிக்க யுவதியின் படமாக இருந்தது. அவரும் அதே பிறவுண் பல்கலைக்கழகத்திற் பயின்றவர் என்பது விந்தையான ஒற்றுமை. பொலிஸார் தவறை ஏற்று, படத்தை விலக்கிக்கொண்டனர். ஆனால் அதற்குள் அந்த யுவதிக்குக் கொலைமிரட்டல்கள் வந்துவிட்டன. அலுவலகமும் அதிகாரமும் உள்ளவர்களே தவறக்கூடும் என்றால், அவசரத்திற் கைத்தொலைபேசியைத் தட்டுகின்ற நாம் எம்மாத்திரம்? அவர்கள் தவறினால் திருத்தச் சொல்லிக் கேட்க ஓர் இடம் உண்டு. ஆயிரம் பேர் பரப்பிய பொய்யைத் திருத்தச் சொல்லி எவ்விடத்திற் கேட்பது?

அதைவிட அருகில் நடந்ததொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாத முற்பகுதியில், தெல்தெனியாவிலே தாக்கப்பட்ட ஒரு லொறிச் சாரதி மரணமானார். அது காணாமற்போனவர் சம்பவமன்று. எனினும் இணைய ஊகம் என்ன செய்யும் என்பதை நம் வாசலிலேயே காட்டிய சம்பவம். சட்டம் விசாரிக்கவேண்டிய குற்றமொன்றை, ஒரு சமூகத்தின் குற்றமாகவே சித்திரித்து இணையத்திற் செய்திகள் பரவின. திகனையிலும் கண்டி மாவட்டத்தின் வேறு இடங்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. மறுநாள் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன. தமது தளம் அவ்வன்முறைக்குத் துணைபோனமைக்காக முகநூல் நிறுவனத்தார் 2020இல் வருத்தந் தெரிவித்தனர். வருத்தம் இரண்டு ஆண்டுகளின் பின் வந்தது. தீயோ இரண்டு நாட்களுக்குள் வந்துவிட்டது.

சபையோர்களே, நமது முன்னோர் இவற்றை அறியாதவர்களல்லர். நாம் சிறுவயது முதற் கேட்டுவரும் இராமாயணம், ஒருவகையிற் காணாமற்போன ஒருவரைத் தேடிய கதையன்றோ? அத்தேடுதல் எவ்வளவு ஒழுங்காக நடந்தது! திசைகளைப் பகுத்துக் குழுக்களை அனுப்பினார்கள். உயிர் பிரியுமுன் ஜடாயு தான் கண்டதைச் சொன்னான். சம்பாதி தான் அறிந்ததைச் சொன்னான். அனுமன் அடையாளத்துக்கு மோதிரத்தைக் கொண்டுபோனான். சான்றாகச் சூடாமணியைக் கொண்டுவந்தான். தேடுதலால் அவள் கிடைத்தாள். ஆனால் உத்தரகாண்டத்திலே நடப்பது யாது? நேரிற் காணாதவர்களின் ஊர்ப்பேச்சு அவளை மீண்டும் காட்டுக்கு அனுப்பிவிடுகின்றது. கண்டவர்களால் மீட்கப்பட்டவள் காணாதவர்களால் இழக்கப்பட்டாள்.

இது பழங்கதை மாத்திரமன்று. நமது சுற்றுவட்டாரத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, சில காலத்துக்கு முன், வகுப்புக்கென்று சென்றவள் இரவு வீடு திரும்பவில்லை. படத்தோடு அறிவித்தல் ஒன்று தொலைபேசிகளிற் பரவிற்று. பரப்பியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் பரப்பினார்கள். ஆனால் படத்தின் கீழே என்ன எழுதினார்கள்? பொடியன் ஒருவனோடு போயிருப்பாள் என்றார் ஒருவர். தாய் வெளிநாட்டில் என்றால் இப்படித்தான் என்றார் இன்னொருவர். அவனை பஸ் நிலையத்திற் கண்டதாக ஒருவர் வேறு யாருடைய படத்தையோ இட்டார். மறுநாட் காலை, பரீட்சைப் பெறுபேற்றுக்குப் பயந்து பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தாள். வந்தவள் பாடசாலைக்குத்தான் போகவில்லை. அவளைத் தேடிய இரவு ஒன்று. அவளைப் பற்றிய பேச்சோ மாதக்கணக்கில் நீடித்தது. அந்தப் படம் இன்றும் எங்காவது ஒரு தொலைபேசியிற் சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. நாம் வாழ்கின்ற நாடு, காணாமல் ஆக்கப்பட்டோரின் கதைகள் நிறைந்த நாடு. கண்டியிலிருந்து ஒரு மணித்தியால பஸ் பயணத்திலுள்ள மாத்தளை வைத்தியசாலை வளவில், 2012ஆம் ஆண்டு நவம்பரில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள். ஓர் ஆய்வு அவை 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்றது; அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் முடிவு அவை 1950க்கு முற்பட்டவை என்றது. ஆய்வுகூடமும் நிபுணரும் இருந்தே கருத்து வேறுபட்ட விஷயத்தில், படத்தை மாத்திரம் பார்த்து முடிவு கூறுவது எவ்வளவு பேதைமை!

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் அமர்ந்தார்கள். தம் பிள்ளைகள் எங்கே என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அத்தாய்மாருட் பலர் விடை காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள். 2016ஆம் ஆண்டின் சட்டத்தின்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டு 2018இல் இயங்கத் தொடங்கியும், பெரும்பாலான குடும்பங்களின் கேள்விக்கு விடை வரவில்லை. விசாரிக்க வேண்டியவர்கள் மௌனமாக இருக்கும் இடத்திலேதான் ஊகம் பெருகுகின்றது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊகிப்பவரை மாத்திரம் குறை கூறி, விசாரிக்காதவரை விட்டுவிடுதல் நியாயமன்று.

எனினும், மக்களின் அறிவை முறையாகப் பயன்படுத்தவும் முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. யாழ்ப்பாணம் செம்மணியிலே 2025ஆம் ஆண்டு நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. அவற்றோடு கிடைத்த உடைகளும் பொருட்களும், நீதிமன்ற உத்தரவின்படி, ஆகஸ்ட் 5ஆம் திகதி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஒரு பாடசாலைப் பையும், குழந்தையின் பாற்போத்தலும், விளையாட்டுப் பொம்மையும் அகழ்விற் கிடைத்தவற்றுள் அடங்கும். தாய்மார் வரிசையில் நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றார்கள். யார் குற்றவாளி என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. இது உங்களுக்குத் தெரிந்த பொருளா என்று மாத்திரமே கேட்கப்பட்டது. ஒரு சட்டையின் தையலை அடையாளங் காண்பதற்குத் தாயைவிடச் சிறந்த நிபுணர் யார்? மக்களிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். மக்கள் சொல்லவேண்டிய விடையும் இத்தகையதுதான்.

ஆகவே, இளைஞர்களாகிய நமது கடமை யாது? கண்டதைச் சொல்லவேண்டும், கருதியதைச் சொல்லலாகாது. சொல்வதை உரியவரிடம் சொல்லவேண்டும், ஊரிடம் சொல்லலாகாது. இதனை நடைமுறைக்குக் கொண்டுவரச் சில யோசனைகளைச் சங்கத்தின் முன் பணிவுடன் வைக்கின்றோம்.

முதலாவதாக, காணவில்லை என்னும் அறிவித்தல் வந்தால், அதிலுள்ள இலக்கத்துக்கு நம்மில் ஒருவர் பேசி, அது உண்மையா, பொலிஸில் முறைப்பாடு செய்யப்பட்டதா, ஆள் கிடைத்துவிட்டாரா என்று அறிந்த பின்னரே மற்றவருக்கு அனுப்பவேண்டும். திகதி இல்லாத அறிவித்தலை அனுப்பவே கூடாது.

இரண்டாவதாக, ஒருவரைக் கண்டதாக நினைத்தால், இடம், நேரம், உடை, சென்ற திசை என்பவற்றை உடனே குறித்துக்கொண்டு, 119 இலக்கத்துக்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ, சிறுவராயின் 1929 இலக்கத்துக்கோ அறிவிக்க வேண்டும். பெரஹராக் கூட்டத்தில் தவறிய பிள்ளையைக் கண்டவர் என்ன செய்கின்றார்? கையைப் பிடித்துப் பக்கத்திலுள்ள பொலிஸாரிடம் ஒப்படைக்கின்றார். நடு வீதியில் நின்று அப்பிள்ளையின் பெற்றோரைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. வீதியிற் கைக்கொள்ளும் பண்பைத் தொலைபேசியிலும் கைக்கொண்டாற் போதும்.

மூன்றாவதாக, காணாமற்போனவரின் குணத்தைப் பற்றியோ, இன்னார்தான் காரணம் என்றோ ஒரு வரியும் எழுதுவதில்லை என்று நாம் தீர்மானிக்க வேண்டும். வேறொருவர் எழுதினால், வேண்டாம் தம்பி, வேண்டாம் தங்கச்சி என்று தனியே சொல்லித் திருத்த வேண்டும்.

நான்காவதாக, சங்கத்தில் ஒரு பதிவேடு வைத்தல் வேண்டும். அறிவித்தல் வந்த திகதி, விசாரித்தவர் பெயர், கிடைத்த திகதி ஆகியவற்றை அதிற் குறிக்கலாம். ஆள் கிடைத்துவிட்டால், தேடியபோது காட்டிய அதே ஊக்கத்தோடு கிடைத்துவிட்டார் என்பதையும் பரப்பி, பழைய படத்தை நீக்கும்படி எல்லோரையும் கேட்க வேண்டும். இதனைப் பெரும்பாலும் எவரும் செய்வதில்லை. நாம் செய்வோம்.

ஐந்தாவதாக, காலால் நடந்து தேடவும் நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும். ஹந்தானை மலைச்சரிவும் மகாவலிக் கரையும் உடவத்தகலைக் காடும் படத்திற் பார்ப்பவருக்கு ஒன்று. அங்கே நடந்து பழகியவருக்கு வேறொன்று. ஞாபகமறதியால் வழிதவறிய முதியவர் ஒருவரை, பொலிஸாரும் குடும்பத்தாரும் கேட்கும்போது, பத்து இளைஞர்கள் ஒழுங்காகப் பகுத்துத் தேடினால், பதினாயிரம் பேர் படத்தைப் பகிர்வதைவிடப் பயன் உண்டாகும்.

பெரியோர்களிடமும் எமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. வீட்டில் ஒரு பிள்ளை திரும்பவில்லை என்றால், வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், விடியட்டும் பார்ப்போம் என்று இருந்துவிடுகின்றீர்கள். முதற் சில மணித்தியாலங்களே தேடுதலுக்கு மிகப் பெறுமதியானவை. அப்படி நீங்கள் தயங்குவதன் காரணம் பொலிஸார் மீதுள்ள பயம் மாத்திரமன்று. அயலாரின் நாக்கு மீதுள்ள பயமும் ஆகும். அந்த நாக்கு இணையத்தில் மாத்திரம் இல்லை. தண்ணீர்ப் பீலியடியிலும் கோயில் வீதியிலும் கலியாண வீட்டுப் பந்தலிலும் இருக்கின்றது. இளைஞர் தம் விரலை அடக்கவேண்டுமானால், மூத்தோர் தம் நாவை அடக்கி வழிகாட்ட வேண்டும். திரும்பி வந்த பிள்ளையிடம், எங்கே போனாய் என்று கேட்குமுன், சாப்பிட்டாயா என்று கேட்கும் ஊராக நமது ஊர் இருந்தால், பல பிள்ளைகள் போகவும் மாட்டார்கள். போனவர்கள் விரைவில் திரும்பியும் விடுவார்கள்.

மலாக்கா நீரிணையில் மறைந்த அந்த ஆறு பேருக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் இங்கிருந்தபடி கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் நாளைக்கு நம் கண்டியிலே, கட்டுகஸ்தோட்டையிலே, பேராதனையிலே, சுற்றியுள்ள தோட்டங்களிலே ஒருவர் வீடு திரும்பாவிட்டால், அவ்வீட்டார் நமது சங்கத்தை நினைத்து, அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் தேடுவார்கள், கதை கட்டமாட்டார்கள் என்று நம்பிச் சொல்லக்கூடிய நிலையை நாம் உண்டாக்கலாம். அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பதே இவ்வாண்டு நாம் மேற்கொள்ளக்கூடிய சிறந்த சேவை என்பது எமது தாழ்மையான அபிப்பிராயம்.